மண்ணைத் தாங்கும் சுவர் லொறியையும் தாங்குமா?

வன்னி தட்டை நிலம்தானே, இங்கே எங்கே மண் தாங்கும் சுவர் என்று கேட்பவர்கள் குளக்கட்டு வழியே போகும் வீதிகளையும் மதகுகளின் இரு பக்கங்களையும் ஒருமுறை பார்க்கவேண்டும். வீதி இரண்டு ஆள் உயரத்தில் போகும். பக்கத்தில் கருங்கல் கட்டு, அதன் தலையில் ஒல்லியாக ஒரு கைபிடிச் சுவர். இரவில் மாடு குறுக்கே வந்து, மணல் ஏற்றிய ரிப்பரோ பஸ்ஸோ வெட்டித் திருப்பினால் போய் முட்டுவது அதில்தான்.

எனக்குப் பெரிய கவலை, அந்தக் கைபிடிச் சுவரைக் கீழே உள்ள சுவரோடு ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிடுவது. 3 மீட்டர் உயரச் சுவரைக் காய்ந்த மணல்மண் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 27 கிலோநியூட்டன் விசையில் தள்ளும், அதுவும் அடியிலிருந்து 1 மீட்டர் உயரத்தில். அமெரிக்கப் பால விதிகளின் முந்தைய பதிப்புகளில், 8 தொன் லொறி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 15 பாகை கோணத்தில் மோதுவதற்கு எடுத்த பக்கவிசை 240 கிலோநியூட்டன். அது விழுவது வீதிக்கு மேல் 80 சென்ரிமீட்டரில், அதாவது சுவரின் அடியிலிருந்து கிட்டத்தட்ட 4 மீட்டரில். விசை சுவரின் நீளத்துக்குப் பரவும், கண நேரம்தான் நிற்கும், சரி. ஆனாலும் கருங்கல் கட்டுக்கு இழுவை தாங்கும் பலம் இல்லை, கல்லும் சாந்தும் பிரிந்துவிடும். லொறியோடு வீதியின் ஓரமும் சேர்ந்து போகும்.

இதற்கு நல்ல வழி, கைபிடிச் சுவருக்குப் பதிலான தடுப்பை மண் தாங்கும் சுவரில் நடாமல் வீதிக்கு அடியில் அகலமான கொங்கிறீட் தட்டு ஒன்று போட்டு, அதோடு எல் வடிவில் தடுப்பை வார்ப்பது. மோதும்போது தட்டின் எடையும் அதன்மேல் கிடக்கும் வீதியின் எடையும் சேர்ந்து கவிழாமல் பிடிக்கும். தட்டுக்கும் சுவரின் தலைக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி விடவேண்டும், இல்லாவிட்டால் அடி நேராகச் சுவருக்கே போகும். தட்டைத் துண்டு துண்டாக விடாமல் நீளமாக, கம்பி தொடர வார்த்தால் அடுத்த பகுதியும் தோள் கொடுக்கும்.

அப்புறம் மழை. கார்த்திகை, மார்கழியில் வீதிக்குள் இறங்கும் நீர் வெளியேற ஓட்டைகள் இல்லாவிட்டால், அல்லது இருந்தும் மண் அடைத்துக்கொண்டால், சுவர் ஏற்கெனவே நீரின் தள்ளலில் திணறிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் ஓர் அடி விழுந்தால் மிச்சப் பலம் எங்கே இருக்கிறது?

தடுப்பு தொடங்கும் முனையையும் சொல்லவேண்டும். வாகனத்தைப் பார்த்தபடி செங்குத்தாக நிற்கும் கொங்கிறீட் முனை ஆளைக் கொல்லும். இடமிருந்தால் அதை வீதியை விட்டு விலகிப் போகுமாறு வளைத்து முடிக்கலாம்.

கிராம வீதிக்கு இத்தனை செலவு முடியாது என்றால், நிலம் இருக்கும் இடத்தில் சுவரே வேண்டாம், ஓரத்தை அகலமாக்கி மெதுவான சரிவாக மண் போடுங்கள். 1 மீட்டர் இறங்க 4 மீட்டர் விலகும் அளவில் சரித்து மேடுபள்ளம் இல்லாமல் விட்டால், பாதை விலகும் வாகனம் பெரும்பாலும் கவிழாமல் இறங்கி நிற்கும்.