பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு

தங்கச்சியின் பிள்ளைக்கு இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை, வீட்டில் சனம் குறைவதாய் இல்லை. நிலாவெளி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து, திருமலை மார்க்கெட்டில் மீனையும் புரட்டிப் பார்த்துவிட்டு வந்த பெரியம்மா, செருப்பைக் கழற்றின கையோடு நேரே தொட்டிலுக்குப் போகிறார். மறித்தால் "நாங்கள் வளர்க்காத பிள்ளையோ" என்று முகம் கறுக்கிறது.

சரி, கோபித்தாலும் பரவாயில்லை. கிணற்றடியில் சவர்க்காரம் இருக்கிறது, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் 20 செக்கனாவது தேய்த்துக் கழுவிவிட்டுத் தூக்குங்கோ. தடிமன், இருமல் என்றால் வாசலோடு நின்று பாருங்கோ. உதட்டில் கொப்புளம் இருப்பவர்கள் கொஞ்சவே வேண்டாம், உங்களுக்கு அது கொஞ்ச நாள் எரிச்சல், பச்சைப் பிள்ளைக்கு அந்த ஹெர்பிஸ் வைரஸ் மூளை வரை போய் உயிரையே எடுக்கலாம். (31 நாள் துடக்கு என்று சனத்தைத் தள்ளி வைத்த அம்மம்மாவுக்கு இந்தக் கரைச்சல் இருந்திருக்காது.) அப்புறம், சானிடைசர் பூசியாச்சு என்பவர்களுக்கு: வயிற்றோட்டம் தரும் நோரோ வைரஸுக்கு அது அவ்வளவாக எடுபடாது, கிணற்றடிக்கே போங்கோ.