அப்பா கட்டிய படகு

ராமேஸ்வரத்தில் எங்கள் விசைப்படகை விற்க மூன்று மாதமாக அலைகிறேன். நேற்று வந்தவர் எஞ்சினை ஓடவிட்டுப் புகையின் நிறத்தைப் பார்த்தார். அப்புறம் கத்தி முனையால் அடிப்பலகையைக் குத்திப் பார்த்தார். பலகை கல்லுமாதிரி இருந்தது. ஆனாலும் எஞ்சினுக்கும் இரும்புக்கும் மட்டும்தான் விலை சொன்னார். மரத்துக்கு ஒரு பைசா இல்லை. மனசு வலித்தது.

அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் மாதிரிப் படகுகள் போடும் இழுவை மடியை (கடலடியை வாரி இழுக்கும் வலை) இலங்கை 2017-இல் தன் கடலில் தடை செய்தது, 2018-இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு கூட்டியது. பிடிபட்ட படகு திரும்பி வரும் என்று யார் நம்பிப் பணம் போடுவார்கள்?

விற்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஏப்ரல் 15-க்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். அன்று தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். படகு கரையேறிவிட்டால் மராமத்துச் செலவு நம் தலையில், வருமானம் கிடையாது. அது வாங்குகிறவருக்கும் தெரியும், விலையை அடித்துக் கேட்பார். வாங்குகிறவர்களோ கரையில் ஏற்றிய படகைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீரில் நிற்கும்போது அடிப்பக்கம் தெரியாது.

கிடைக்கிற பணத்தில் பழைய பைபர் வள்ளம் ஒன்று பார்க்கிறேன். பாம்பன் பக்கம் யாரிடமாவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.