எந்த மொழியில் கேட்பது: ஜொகன்னஸ்பர்க்கில் என் உளவியல் படிப்பு

ஜொகன்னஸ்பர்க்கின் தெற்கே ரோஸெட்டன்வில்லில் ஒரு மருந்துக்கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். மதேய்ரா தீவுக்காரர்கள், அங்கோலாக்காரர்கள், மொசாம்பிக்காரர்கள் என்று போர்ச்சுகீஸ் பேசுகிறவர்கள் நிறைந்த பகுதி அது. கருத்தடை மாத்திரை வாங்க வரும் மொசாம்பிக் பெண்கள் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்பார்கள். எனக்குப் புரியாது. பின்னால் ஆண்கள் வரிசையில் நிற்கும்போது, சத்தமாகச் சொல்லுங்கள் என்று கேட்கவும் மனசு வராது. சிலர் ஒன்றும் வாங்காமலே திரும்பிப் போனார்கள். 2015-இல் தொலைதூரக் கல்வியில் பி.ஏ. சேர்ந்தபோது உளவியலோடு போர்ச்சுகீஸையும் முதன்மைப் பாடமாக எடுத்தது அவர்களை நினைத்துத்தான்.

மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு இது விளங்கவில்லை. "உளவியல் சரிடி, போர்ச்சுகீஸ் உனக்கு எதுக்கு?" என்றார். ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவைதான் என்றேன். "அதுக்காக அஞ்சு வருசம் படிப்பியா?" என்று கேட்டார். எதற்காக என்று அன்றைக்கு அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சேர்வதற்கு முன்னால், என் பழைய பி.காம். பட்டத்தை வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் 'ஸாக்வா' அமைப்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஊரில் ஓர் அலுவலகம் என் மதிப்பெண் பட்டியலைத் தொலைத்துவிட்டதால் நான்கு மாதம் போய்விட்டது. வருகிறவர்கள் நகல்களை இரண்டு செட்டாக எடுத்து வையுங்கள்.

முதல் இரண்டு வருடம் புள்ளியியல் பாடம் படுத்தியது. அதை விடாமல் போட்டுப் பார்த்தால் வந்துவிடும். போர்ச்சுகீஸில் நம் 'ஞ' ஒலி அப்படியே இருப்பது ஒரு வசதி. ஆனால் 'ஆவ்' என்று மூக்கில் முடியும் ஒலி மாதக்கணக்கில் பிடிபடவில்லை. மாவரைத்துக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

இங்கே பி.ஏ. முடித்தால் உளவியலாளர் ஆகிவிடலாம் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். ஆக முடியாது. அதற்குமேல் ஹானர்ஸ் என்ற தனிப் படிப்பு, பிறகு முதுகலை, பன்னிரண்டு மாத உள்ளகப் பயிற்சி, சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு என்று போகும். ஹானர்ஸில் இடங்கள் குறைவு. மூன்றாம் ஆண்டு மதிப்பெண்தான் கதவைத் திறக்கும். இது தெரியாமல் இரண்டாம் ஆண்டுவரை அரைமனதாகப் படித்தவர்களை எனக்குத் தெரியும், அவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

2021-இல் ஹானர்ஸ் ஆய்வுக்கு ஒரு தலைப்பு எடுத்தேன். இங்கு வாழும் மொசாம்பிக் பெண்கள் தாம்பத்தியம் பற்றியும் உடல் பற்றியும் மருத்துவமனையில் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதே அது. பாலியல் சார்ந்த தலைப்பு என்பதால் ஆய்வு நெறிமுறைக் குழு மூன்று முறை திருப்பி அனுப்பியது. பேட்டியின் நடுவே ஒருவர் மனம் கலங்கிவிட்டால் யாரிடம் அனுப்புவாய், வேண்டாம் என்று அவர் எப்போது நிறுத்தலாம், ஒலிப்பதிவு எங்கே இருக்கும் என்று கேட்டார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். ஒப்புதல் படிவத்தைப் போர்ச்சுகீஸில் எழுதி, அதை இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்துக் காட்டவும் சொன்னார்கள்.

அப்படித் திருப்பியபோதுதான் என் தவறு தெரிந்தது. 'பாலியல் நாட்டம்' என்று எழுத நினைத்து நான் 'ஒப்ஸாவ்' என்ற சொல்லைப் போட்டிருந்தேன். பேச்சில் பலர் சொல்லக் கேட்டதால் வந்தது. அதற்கு விருப்பத் தேர்வு என்றுதான் பொருள். கடையில் சட்டை எடுப்பதுபோல ஒருவர் எடுத்துக்கொண்டது என்று ஆகிவிடும். 'ஒரியெந்தஸாவ்' என்று மாற்றினேன். பிரேசிலின் உளவியல் கவுன்சில் 1999-இல் போட்ட விதியை மூலத்திலேயே வாசிக்க முடிந்ததும் அப்போதுதான். தன்பாலீர்ப்பை நோயாகக் கருதி 'குணமாக்கும்' சிகிச்சையில் உளவியலாளர்கள் இறங்கக் கூடாது என்று அது சொல்கிறது. அதே 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றமும் இப்படி மாற்ற முயலும் சிகிச்சைகளைத் தடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. அடுத்த வருடம் தமிழக அரசு தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் போன்றவர்களைக் குறிக்கும் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. நான் 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல்லோடு வளர்ந்தவள். சேர்க்கை ஒரு செயல், ஈர்ப்பு மனசு. இந்த வேறுபாட்டை என் தாய்மொழியில் கவனிக்க எனக்கு ஒரு அந்நிய மொழி தேவைப்பட்டது.

2022-இல் பேட்டிகள். லோட்ஷெடிங் என்று இங்கே சொல்லும் முறைவைத்த மின்வெட்டு, கடுமையான ஆறாம் நிலைக்குப் போன மாதங்கள் அவை. மின்சாரம் எப்போது இருக்கும் என்று அட்டவணை பார்த்துத்தான் நேரம் குறித்தேன். பெண்கள் என்னை 'மனா', அதாவது அக்கா என்று கூப்பிட்டார்கள். என் கேள்விகளுக்குப் போர்ச்சுகீஸில் தெளிவாக, கூச்சமில்லாமல் பதில் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தமிழில் ஒருநாளும் உச்சரித்திராத உறுப்புகளின் பெயர்களைப் போர்ச்சுகீஸில் தயங்காமல் சொன்னேன். திட்டம் நன்றாகப் போகிறது என்று நினைத்தேன்.

ஆறாவது பேட்டி. ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா. மருத்துவமனை, மாத்திரை, செவிலியர் பற்றியெல்லாம் போர்ச்சுகீஸில் கடகடவென்று சொல்லிக்கொண்டு வந்தவர், கணவர் சுரங்க வேலைக்குப் போய்த் திரும்பாத இரவுகளைப் பற்றிச் சொல்ல வந்ததும் நின்றுவிட்டார். கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "மனா, இதை நான் சங்கானாவில் சொல்லட்டுமா? உங்களுக்குப் புரியாதே" என்றார். சங்கானா தெற்கு மொசாம்பிக்கில் பேசும் மொழி.

சொல்லுங்கம்மா என்றேன். இருபது நிமிடம் பேசினார். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை, நான் நிறுத்தச் சொல்லவும் இல்லை. அவர் அனுமதியோடு அந்தப் பகுதியைச் சங்கானா தெரிந்த ஒரு பெண்மணியிடம் கொடுத்து மொழிபெயர்த்து வாங்கினேன். என் ஆய்வில் உருப்படியான அத்தியாயம் அந்த இருபது நிமிடத்திலிருந்து வந்ததுதான்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். என்ன படிக்கிறேன், எதற்காகப் படிக்கிறேன் என்று முதல்முறையாக முழுசாகத் தமிழில் சொன்னேன்.