இன்சுலின் ஏன் ஊசியாக, தைரொக்சின் ஏன் குளிசையாக

மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் கற்கும் என் மாணவர்கள், ஓமோன்கள் புரத வகை, ஸ்டீரொயிட்டு வகை, அமினோ அமிலத்திலிருந்து உருவாகும் வகை என மூன்றாகும் என்பதைப் பிழையின்றி எழுதுகிறார்கள். கல்லடியில் எங்கள் வீட்டில் அம்மாவின் இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியிலும் தைரொக்சின் குளிசை மேசை லாச்சியிலும் இருப்பதற்கு அந்த வகைப்பாடே காரணம் என்றால் மட்டும் வியக்கிறார்கள்.

இன்சுலின் ஒரு புரதம். சதையியின் பீற்றாக் கலங்களில் அது முதலில் நீண்ட ஒற்றைச் சங்கிலியாகவே கட்டப்படுகிறது. பின்னர் நடுத்துண்டு வெட்டி நீக்கப்பட, 21 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியும் 30 கொண்ட மற்றொன்றும் கந்தகப் பிணைப்புகளால் இணைந்தபடி எஞ்சுகின்றன. (இவ்வமைப்பைக் கண்டறிந்த பிரெடரிக் சாங்கருக்கு 1958இல் நோபல் பரிசு கிடைத்தது.) முற்றுப்பெற்ற இன்சுலின் நாகம் (துத்தநாகம்) என்னும் உலோகத்துடன் சேர்ந்து நுண்பைகளில் காத்திருக்கிறது. நாம் பிட்டு உண்டபின் குருதியில் ஏறும் குளுக்கோசு பீற்றாக் கலத்தினுள் நுழைந்து, கலத்தின் சக்தி மூலக்கூறான ஏடிபியைப் பெருக்க, பொற்றாசியம் வெளியேறும் வழிகள் அடைபட்டு, கல்சியம் உட்புக, அப்பைகள் கலமென்சவ்வுடன் ஒன்றித் திறக்கின்றன. வெளிவந்த இன்சுலினின் அரைவாழ்வு, அதாவது குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், ஏறத்தாழ 5 நிமிடமே. புரதமாகையால் வாய்வழி கொடுத்தால் சமிபாடடைந்துவிடும். வெப்பமும் அதைச் சிதைக்கும்.

கோட்டிசோல் போன்ற ஸ்டீரொயிட்டுகள் கொலஸ்திரோலிலிருந்து உருவாகின்றன. அவை கொழுப்பில் கரைந்து மென்சவ்வைத் தாண்டிவிடுவதால் பைகளில் சேமிக்க முடியாது. கபச்சுரப்பியின் கட்டளை வந்தபின்பே ஆக்கப்படுகின்றன. இழைப்புக்குத் தரப்படும் செயற்கை ஸ்டீரொயிட்டான பிரெட்னிசொலோனை நெடுநாள் எடுப்பவருக்கு அக்கட்டளை ஓய்ந்து, கோட்டிசோலை ஆக்கும் அதிரீனல் சுரப்பி ஒடுங்கியிருக்கும். இழைப்புக் குறைந்துவிட்டதென்று அவர் தாமாகவே அதைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

என்னை மிகவும் ஈர்ப்பது தைரொயிட்டுச் சுரப்பிதான். தைரோசின் என்னும் அமினோ அமிலத்தில் அயடீனைச் சேர்த்து ஆக்கும் தைரொக்சின் ஓமோனை, அது கலங்களுக்கு வெளியே, கலங்கள் சூழ்ந்த சிறு அறைகளின் நடுவே, பெரும் புரதமொன்றில் பிணைத்து வாரக்கணக்கில் சேமிக்கிறது. தேவைப்படும்போது அப்புரதத்தைக் கலம் உள்ளிழுத்து வெட்ட, ஓமோன் விடுபடுகிறது. குருதியிலும் புரதங்களைப் பற்றிக்கொண்டு செல்லும் தைரொக்சினின் அரைவாழ்வு ஏறத்தாழ 7 நாள். சிறிய, உறுதியான மூலக்கூறாகையால் அது குடலைத் தாக்குப்பிடித்து உறிஞ்சப்படுகிறது.

ஒருநாள் தைரொக்சின் தவறினால் அம்மா பதறுகிறார். இன்சுலின் தவறினால் நாளைக்குப் போடலாம் என்கிறார். அரைவாழ்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், அந்தப் பதற்றம் இன்சுலினுக்கே உரியது.