நான் ஓடுவதைப் பார்க்காத பயிற்சியாளர்

இரண்டாவது அரை மாரத்தானுக்குத் தயாராகத் தொடங்கியபோது, இணையவழியில் ஓட்டப் பயிற்சி தரும் ஒருவரிடம் சேர்ந்தேன். ஒரு ஜோடி காலணி வாங்க நான் செலவிடும் நேரத்தில் பாதியைக்கூட அவரைத் தேர்ந்தெடுக்கச் செலவிடவில்லை. அவர் முழு மாரத்தானை, அதாவது 42.195 கிலோமீட்டரை, மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடித்தவர். அவரிடம் பயின்றவர்கள் பதக்கத்தோடு நிற்கும் படங்களும் ஏராளமாக இருந்தன. எனக்கு அதுவே போதுமானதாகத் தோன்றியது. பன்னிரண்டு வாரங்களுக்கான அட்டவணை முதல் நாளிலேயே வந்து சேர்ந்ததை அவருடைய சுறுசுறுப்புக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். ஐந்தாவது வாரத்தில் இடது முழங்காலுக்குக் கீழே, முன்புற எலும்பை ஒட்டி வலி தொடங்கியது. அதை எழுதி அனுப்பினேன். நான்கு நாள் கழித்து, இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு அட்டவணையைத் தொடருமாறு பதில் வந்தது. அதே அட்டவணை, ஒரு வரிகூட மாறாமல், என் வயதில் பாதியே ஆன இன்னொருவருக்கும் போயிருந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது. அந்தப் போட்டியில் நான் ஓடவில்லை.

அவர் மீது எனக்கு இருந்த கோபம் தணிந்த பிறகு யோசித்துப் பார்த்தால், நான் எதை வாங்குகிறேன் என்பதே எனக்குப் புரிந்திருக்கவில்லை. மைதானத்தில் நிற்கும் பயிற்சியாளருக்கு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும்: காலடி விழும் விதம், தோள்கள் இறுகியிருப்பது, ஒரு காலைச் சற்றுத் தாங்கித் தாங்கி வைப்பது, களைத்த முகம். தொலைவில் இருப்பவரிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. எப்போதாவது நாம் அனுப்பும் ஒரு காணொளியைத் தவிர, அவரிடம் இருப்பவை இரண்டுதான்: என் கைக்கடிகாரம் பதிவுசெய்யும் எண்கள், நான் எழுதும் சொற்கள்.

அந்த எண்களும் நாம் நினைக்கும் அளவுக்கு நம்பத்தக்கவை அல்ல. மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சி இதயத் துடிப்பை அளக்கும் கடிகாரங்கள், ஓடும்போது சில நேரம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடிகளை எண்ணத் தொடங்கிவிடும். மெல்லோட்டத்தில் துடிப்பு 170 என்று காட்டினால், அது இதயத்தின் எண்ணா, நிமிடத்துக்கு எத்தனை அடி வைத்தேன் என்பதன் எண்ணா என்று சந்தேகிக்க வேண்டும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஓடினால் தூரக் கணக்கும் பிசகும். 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு கிடைத்துவிடும் என்ற கணக்கு ஒரு சராசரி மட்டுமே. அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடியோ குறைந்தோ இருப்பவர்கள் ஏராளம். அந்தக் கழித்தலை மட்டும் செய்து எனக்கு ஐந்து துடிப்பு மண்டலங்களை, அதாவது எந்த ஓட்டத்தில் துடிப்பு எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்புகளை, வரைந்து தருபவரிடம், வேறு எதையும் கேட்காமலே நான் விடைபெற்றுக்கொள்வேன்.

ஆகவே சொற்கள்தான் மிஞ்சுகின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் போர்க், உடல் உழைப்பின் கடுமையை ஒருவர் தானே மதிப்பிட்டுச் சொல்வதற்காக 6-இல் தொடங்கி 20-இல் முடியும் ஓர் அளவுகோலை உருவாக்கினார். ஒன்றில் தொடங்காமல் ஆறில் ஏன் தொடங்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் வியப்பாக இருந்தது. ஆரோக்கியமான இளைஞர் ஒருவர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அவருடைய இதயத் துடிப்புக்கு ஏறத்தாழ நெருங்கி வரும் என்பதே காரணம். ஓடுபவரின் உணர்வையும் ஓர் அளவாக மதிக்கும் இந்தப் பார்வை, நேரில் பார்க்க முடியாத பயிற்சியாளருக்குத்தான் மிகவும் தேவைப்படுகிறது.

அடுத்த முறை பயிற்சியாளரைத் தேடியபோது, அவர்கள் எனக்குத் தந்த விளக்கங்களைவிட என்னிடம் கேட்ட கேள்விகளையே கவனித்தேன். மூன்று பேருக்கு எழுதினேன். முதலாமவர் பணம் செலுத்துவதற்கான இணைப்பை அனுப்பினார். இரண்டாமவர் உயரம், எடை, இதுவரை ஓடிய சிறந்த நேரங்கள் ஆகியவற்றைக் கேட்டார். மூன்றாமவரின் மடல் நீளமாக இருந்தது. கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்த காயங்கள் எவை, அவற்றிலிருந்து எப்படி மீண்டேன், எவ்வளவு நேரம் தூங்குகிறேன், வேலை உட்கார்ந்து செய்வதா நின்று செய்வதா, வாரத்தில் எந்த நாளில் ஓடுவது உண்மையிலேயே இயலாது என்றெல்லாம் கேட்டிருந்தார். கடைசி மூன்று மாத ஓட்டங்களைக் கேட்டதோடு, ஓடாமல் விட்ட நாள்களையும் காரணத்தோடு எழுதச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியில்தான் என் மனம் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது.

சான்றிதழ்களைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை. அடிப்படைகளைக் கற்றிருக்கிறார் என்பதற்கு அவை அடையாளம். ஆனால் அவற்றில் சில, இரண்டு நாள் வகுப்பில் கிடைத்துவிடுபவை. பயிற்சியாளரின் சொந்த ஓட்ட வேகமும் அப்படித்தான், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. நியூசிலாந்தின் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டை உலகம் நினைவில் வைத்திருப்பது அவர் ஓடிய மாரத்தான்களுக்காக அல்ல. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றதற்காக. தம் உடலையே சோதனைக்களமாக்கிப் பல ஆண்டுகள் ஓடிப் பார்த்துத்தான் வாரத்துக்கு 160 கிலோமீட்டர் என்ற அடித்தளத்தை அவர் கண்டடைந்தார். பிறகு வந்தவர்களில் பலர் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அது யாருக்கு, எத்தனை ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு என்பதை விட்டுவிட்டார்கள். எனக்கு வந்த பன்னிரண்டு வார அட்டவணையும் ஒருவேளை யாரோ ஒருவருக்கு மிகப் பொருத்தமாக இருந்திருக்கலாம்.

மூன்றாமவரிடம் நானும் சில கேள்விகள் கேட்டேன். எத்தனை பேருக்குப் பயிற்சி தருகிறீர்கள், என் பதிவுகளை வாரத்தில் எத்தனை முறை திறந்து பார்ப்பீர்கள் என்பவற்றுக்கு நேரடியான பதில் கிடைத்தது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. விட்டுப்போன ஓட்டங்களை அடுத்த வாரத்தில் சேர்த்து ஈடுகட்டச் சொல்வாரோ என்று எதிர்பார்த்தேன். போனது போனதுதான், மீண்ட பிறகு சில நாள் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் ஓடிப் பார்ப்போம், அதன்பின் போட்டிக்கான இலக்கையே திருத்த வேண்டியிருக்கலாம் என்றார். யாரையாவது ஓட வேண்டாம் என்று மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ அனுப்பியது உண்டா என்று கேட்டதற்கு, எலும்பின் ஒரே புள்ளியில் விரல் வைத்து அழுத்தினால் வலிக்கிறது என்று யார் எழுதினாலும் அன்றே நிறுத்திவிடுவதாகச் சொன்னார். என் பழைய மடலில் நான் எழுதியிருந்ததும் ஏறக்குறைய அதையேதான்.

கட்டணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: மாதந்தோறும் செலுத்தி, வேண்டாமென்றால் விலக முடிகிற ஏற்பாடு நல்லது. குறித்த நேரத்துக்குள் ஓட வைப்பதாக உறுதி கூறுபவரையும், உணவியல் படிக்காமலே எடையைக் குறைக்கச் சொல்பவரையும் நான் தவிர்த்தேன். அட்டவணை மட்டும் போதும் என்பவருக்குச் செயலிகள் தாமாகவே உருவாக்கித் தரும் திட்டங்களே போதுமானவை. அவை குறைந்தபட்சம் மனிதரைப் போல நடிப்பதில்லை.

என் பங்கையும் நான் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. முன்பெல்லாம் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கீழே ‘நன்றாக இருந்தது’ என்று மட்டும் எழுதுவேன்; நன்றாக இல்லாத நாளிலும் அதையே எழுதியிருக்கிறேன். இப்போது எட்டாவது கிலோமீட்டரில் வலது குதிகாலின் தசைநார் இறுகியது, பன்னிரண்டில் தளர்ந்தது என்று எழுதுகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் எழுதினேன். மறுநாள் வந்த அட்டவணையில் வியாழக்கிழமைக்கு நேரே, வழக்கமான இடைவெளிப் பயிற்சிக்கு (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடுவது) பதிலாக, வெற்றிடம் இருந்தது. புதன்கிழமை இரவு குதிகால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், அதைப் படித்துவிட்டு இதை நிரப்புகிறேன் என்று கீழே குறித்திருந்தார்.