இரண்டாம் பாடவேளைக்கு வந்தவர்கள்

நமது பழைய மாணவர் சங்கம் இதுவரை வெளியிட்ட மலர்களைப் புரட்டினால், விளையாட்டுப் போட்டிகள், நாடக விழாக்கள், அதிபர்களின் சேவைக்காலங்கள், மாடிக் கட்டடம் எழுந்த வரலாறு ஆகிய யாவும் நிறைவாகவே பதிவாகியிருக்கின்றன. 1990 ஜூன் மாதத்தில் இலங்கையில் போர் மறுபடி மூண்டதிலிருந்து 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகும் வரையான காலம் மட்டும், 'இடர் மிகுந்த ஆண்டுகள்' என்ற ஒற்றைத் தொடருக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஆண்டுகளின் பெரும்பகுதியைச் சீருடையில் கழித்தவன் என்ற முறையில், பாடசாலை அப்போது நாள்தோறும் எவ்வாறு நடந்தது என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன். பெரிய நிகழ்வுகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நேரசூசியை, அதாவது பாடங்களின் கால அட்டவணையைப் பற்றி எழுத எவரும் இல்லை.

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் நில அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் அறிமுகமாகும் பெரியவர்களிடம் மட்டக்களப்பு என்று சொன்னால், "அது யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்பது இன்றும் நடக்கிறது. பிரித்தானியர் காலத்தில் இங்கு உத்தியோகம் பார்க்க வந்த இலங்கைத் தமிழர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர் என்பதால் அதில் வியப்பொன்றுமில்லை. எங்கள் பாடசாலை இருக்கும் களுவாஞ்சிகுடி, மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தெற்கே, கல்முனை வீதியில் இருக்கிறது. கிழக்கே கடல்; மேற்கே, ஊரார் ஆறு என்று சொல்லும் மட்டக்களப்பு வாவி, வடக்குத் தெற்காக 56 கிலோமீற்றர் அளவு நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. ஆற்றுக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. வைத்தியசாலை, வங்கி, கடைத்தெரு, நமது பாடசாலை எல்லாம் இக்கரையில் இருந்தன. நெல்லும் பாலும் தயிரும் விறகும் அக்கரையிலிருந்து வந்தன. இரண்டையும் பட்டிருப்புப் பாலம் இணைத்தது. இன்னும் தெற்கே உள்ளவர்கள் குருமண்வெளித் துறையில் 'பாதை' ஏறி மண்டூருக்குப் போனார்கள். ஆட்களையும் சைக்கிள்களையும் சுமந்துகொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

1990க்குப் பிறகு இக்கரை அரச படைகளிடமும் அக்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளிடமும் இருந்தன. எல்லைக்கோடு எங்கே என்று வரைபடத்தில் தேட வேண்டிய தேவை எங்களுக்கு இருக்கவில்லை. பாலத்தின் இக்கரைத் தலைப்பில் முகாம் இருந்தது, அவ்வளவுதான். ஆயினும் உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பிய போரதீவு, வெல்லாவெளி, மண்டூர்ப் பிள்ளைகள் எங்களிடம் வந்தாக வேண்டியிருந்தது. ஆகவே ஒரே வகுப்பறையில், ஒரே வாங்கில், எல்லையின் இரு பக்கத்துப் பிள்ளைகளும் அமர்ந்திருந்தோம்.

முன்னரங்கை அண்டி வாழ்ந்தவர்கள் என்றதும் குண்டும் குருதியுமே கேட்பவர்களின் நினைவுக்கு வருகின்றன. அவையும் இருந்தன. ஆனால் அந்த வாழ்க்கை எங்களிடமிருந்து நாள் தவறாமல் எடுத்துக்கொண்டது நேரத்தைத்தான், அதிலும் அக்கரை மாணவர்களின் நேரத்தை. காலையில் படையினர் வீதியைக் கண்ணிவெடிக்குச் சோதித்து முடித்த பின்னரே பாலத்தின் தடை எடுக்கப்படும். பீப்பாய்கள் அடுக்கிய இடத்தில் எல்லோரும் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு வர வேண்டும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. மாணவர்களுக்கென்று தனி வரிசை சில மாதங்கள் இருக்கும். முகாமில் பொறுப்பதிகாரி மாறியதும் இல்லாமற்போகும். தனி வரிசை இல்லாத நாளில், தயிர்க்காரருக்கும் விறகுக்காரருக்கும் பின்னால் புத்தகப் பையோடு நிற்க வேண்டியதுதான். விறகுக் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார்கள். நெல் மூட்டைக்குள் இரும்புக் கம்பியைச் செலுத்திப் பார்ப்பார்கள். தயிர்ச் சட்டிக்குள் ஈர்க்கை விட்டுக் கிளறுவார்கள். கிளறிய தயிர் நீர் விட்டுவிடும் என்பதால் அன்று அதற்குப் பாதி விலைதான். எங்கள் வகுப்பு நண்பன் ஒருவனுடைய பெத்தா, அதாவது பாட்டி, நாள்தோறும் தயிர் கொண்டுவருபவர். கிளறுவதற்கென்றே ஒரு சிறு சட்டியை மேலே வைத்துக்கொண்டு, "இதப் பாருங்க ராசா, எல்லாம் ஒரே பாலுதான்" என்று நீட்டிவிடுவார். பல நாள் அந்த உபாயம் பலித்தது.

முதல்நாள் இரவு எங்காவது மோதல் நடந்திருந்தால் பாலம் திறக்கப்படுவதே இல்லை. அதை யாரும் அறிவிப்பதில்லை. அக்கரைத் தலைப்பில் வெயிலில் காத்து நின்றுவிட்டு, கூட்டம் கலையத் தொடங்கியதும் பிள்ளைகளும் திரும்பிப் போவார்கள்.

இந்நிலையில்தான் எங்கள் பிரதி அதிபர் நேரசூசியில் கைவைத்தார். காலையில் முதல் இரு பாடவேளைகளில் கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் இருப்பதுதான் எல்லாப் பாடசாலைகளிலும் வழக்கம். பிள்ளைகளின் மூளை அப்போதுதான் தெளிவாக இருக்கும் என்பார்கள். அவர் அவற்றை மூன்றாம், நான்காம் பாடவேளைகளுக்குத் தள்ளி, சமயம், சித்திரம், நூலகம், தோட்டவேலை ஆகியவற்றை முன்னுக்குக் கொண்டுவந்தார். இதற்கு அவர் எந்தச் சுற்றறிக்கையும் விடவில்லை, காரணமும் சொல்லவில்லை. காலையில் இரண்டு பாடவேளை சித்திரம் கீறிக்கொண்டிருந்த இக்கரைப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் முணுமுணுத்தார்கள். என் தந்தையாரே அவரிடம் போய்க் கேட்டதாகவும், "பாலம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள், அதற்கு ஏற்றபடி போட்டுத் தருகிறேன்" என்று அவர் பதில் சொன்னதாகவும் வீட்டில் பேச்சிருந்தது. கல்விச் சீர்திருத்தம் பற்றி இங்கே நான் கேட்ட உரைகள் பல. பென்சிலால் எழுதி அழித்து அவர் போட்ட அந்த நேரசூசிக்கு ஈடாக ஒன்றை இன்னும் காணவில்லை.

வரவு இடாப்பிலும் அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். தாமதமாக வருவோருக்குச் சிவப்புக் கோடு இடுவது விதி. அந்தக் கோடுகள் கூடினால் நற்சான்றுப் பத்திரத்தில் அது குறிப்பிடப்படும். பாலத்தால் தாமதித்தவர்களுக்குக் கோட்டுக்குப் பதிலாக 'பா' என்று பென்சிலில் எழுதுமாறு வகுப்பாசிரியர்களுக்குச் சொல்லப்பட்டது. நான் பத்தாம் ஆண்டில் வகுப்புத் தலைவனாக இருந்து இடாப்பைச் சுமந்து திரிந்தவன் என்பதால், சில பக்கங்களில் வரிசை வரிசையாக 'பா' இருந்தது கண்ணில் நிற்கிறது.

படுவான்கரைக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீமெந்து, யூரியா, எரிபொருள், மின்கலம் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. டோர்ச் பற்றரி ஒன்று பையில் அகப்பட்டால் மாணவன் என்றாலும் விளக்கம் சொல்லி முடிய நேரமெடுக்கும். மண்ணெண்ணெய்க்குக் கிராம சேவகரின் கடிதமும் அளவுக் கட்டுப்பாடும் இருந்தன. அக்கரையில் பல ஊர்களில் மின்சாரம் இல்லாததால், குப்பி விளக்கின் எண்ணெய் அளவே அவர்களுடைய படிப்பு நேரத்தின் அளவாக இருந்தது. இதை அறிந்திருந்த பௌதிக ஆசிரியர், வீட்டுவேலை என்று எதையும் தருவதை நிறுத்திவிட்டு, பாடசாலை முடிந்தபின் ஒரு மணிநேரம் வகுப்பறையிலேயே கணக்குகளைச் செய்விப்பார். ஆனால் மாலையில் பாலம் மூடும் நேரமும் ஒன்றிருந்தது. ஆகையால் அக்கரை மாணவர்களை முதலில் திருத்தி அனுப்பிவிட்டு, எங்களுடைய கொப்பிகளைப் பின்னர் எடுப்பார். வானொலிக்குப் பற்றரி இல்லாதவர்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டார்கள். மின்காந்தத் தூண்டல் பாடத்தில் எங்களுக்கெல்லாம் விளங்குவதற்கு முன்னரே மண்டூர் மாணவன் ஒருவனுக்கு அது விளங்கிவிட்டது. சுற்றும் வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்குவதை அவன் இரவு தோறும் கேட்டவன்.

இரவில் முகாமிலிருந்து செல் (எறிகணை) அடிப்பார்கள். புறப்படும் சத்தத்துக்கும் விழும் சத்தத்துக்கும் இடையில் எண்ணி, எவ்வளவு தொலைவு என்று மதிப்பிட எங்கள் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. எங்கள் கரையில் அது புறப்படும் சத்தம். அவர்களுடைய கரையில் விழும் சத்தம். மறுநாள் மூன்றாம் பாடவேளைக்கு முன்னர் அவர்கள் வந்து உட்கார்ந்ததும், "எங்க கா விழுந்த?" என்று கேட்போம். "வட்டைக்குள்ள" என்றால், அதாவது வயல்வெளிக்குள் என்றால், எல்லோரும் கணிதக் கொப்பியைத் திறப்போம். வேறு ஊர்ப் பெயர் ஏதும் வந்தால் ஆசிரியரும் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். சுற்றிவளைப்புகளும், ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் முகமூடியணிந்த தலையாட்டிகளுக்கு முன்னால் ஆண்கள் வரிசையாக நடத்தப்பட்டதும் எழுவான்கரையில் எல்லோரும் அறிந்தவை. 1991 ஜூன் 12ஆம் திகதி கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பகுதியில் பொதுமக்கள் கொல்லப்பட்டதும், அதை விசாரிக்க ஆணைக்குழு அமைக்கப்பட்டதும் வரலாற்றில் உள்ளன. அவற்றை இங்கே விரிக்கவில்லை.

சாதாரண தரப் பரீட்சை அப்போது டிசம்பரில் வரும். டிசம்பர் எங்கள் பக்கத்தில் மாரியின் உச்சம். ஆறு பெருகி வயலும் வீதியும் ஒன்றாகிவிடும். நீர் கடலுக்கு வடிய முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடும் வரை தாழ்ந்த ஊர்களில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். 'பாதை'யும் ஓடாது. ஆகவே பரீட்சைக் காலத்தில் அக்கரை மாணவர்களை இக்கரை வீடுகளில் தங்கவைப்பது வழக்கமாயிற்று. 1995இல் எங்கள் வீட்டில் மூவர் தங்கினார்கள். இரவில் விருந்தினர் தங்குவதானால் குடும்பப் பட்டியலுடன் முகாமில் பதிய வேண்டும் என்பதால் அம்மா அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்; நானும் உடன் நின்றேன்.

"இவங்க யார்?" என்று தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டார்.

"மூணு பேரும் என்ட அண்ணன்ட புள்ளைகள், ஐயா."

அவர் கடிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு பேருக்கும் மூணு அப்பா பேர் இருக்கே?"

"எனக்கு மூணு அண்ணன், ஐயா" என்றார் அம்மா, சற்றும் தயங்காமல்.

அம்மாவுடன் ஆண்கள் எவரும் பிறக்கவில்லை. அந்த மனிதர் சிரித்ததாகவே எனக்கு ஞாபகம். எப்படியோ முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். மூவரும் எங்கள் விறாந்தையில் பாய் விரித்துப் படுத்து, எங்கள் வீட்டுப் பிட்டையும் சொதியையும் சாப்பிட்டு, எல்லாப் பாடங்களும் எழுதி முடித்துத்தான் போனார்கள். கணிதத்தில் ஒருவன் எடுத்த பெறுபேறு என்னுடையதைவிட மேலானது என்பதை அம்மா நெடுங்காலம் சொல்லிக்காட்டினார்.

அந்தக் காத்திருப்பு உடம்பில் தங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். ஜொகூருக்குப் போகும்போது உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வாகனங்கள் நகராமல் நின்றால் உடன் வரும் நண்பர்கள் பொறுமையிழக்கிறார்கள். எனக்கு அதில் சலிப்பு வருவதில்லை. ஆனால் சீருடையில் ஒருவர் நெருங்கியதும் சட்டைப் பையிலிருந்து கை தானாக வெளியே வந்துவிடுகிறது. என் மகன் இதைக் கவனித்துக் கேலி செய்கிறான்.

போர்நிறுத்தத்தின் பின் பாலம் நேரத்துக்குத் திறந்தது. அதன் பிறகும் சில ஆண்டுகள் கணிதம் மூன்றாம் பாடவேளையிலேயே இருந்ததாக அங்கு கற்பித்த நண்பர் ஒருவர் சொன்னார். மாற்ற வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லையாம். 2007 மார்ச்சில் படுவான்கரையில் மீண்டும் சண்டை மூண்டு, மக்கள் ஆயிரக்கணக்கில் ஆற்றைக் கடந்து வந்தபோது, பாடசாலைகளும் அவர்களுக்குத் தங்குமிடமாயின. அப்போது நான் இங்கே வந்துவிட்டேன். 2014 ஏப்ரலில் மண்முனையில் ஜப்பானிய உதவியுடன் கட்டிய பாலம் திறக்கப்பட்டு, அத்துறையில் 'பாதை'க்கு வேலை இல்லாமற் போயிற்று.

இனி, இதை எழுதியதற்கான காரணத்துக்கு வருகிறேன். நமது சங்கத்தின் வெளிநாட்டுக் கிளைகளின் உறுப்பினர் பட்டியல்களைப் பார்த்தால், 1990களில் படித்தவர்களுள் அக்கரை ஊர்ப் பெயர்கள் மிகவும் குறைவு. படித்தவர்கள் குறைவு என்பதல்ல காரணம். சிலர் பாலத்தில் மறிக்கப்பட்டு வீடு திரும்பவில்லை. சிலர் தாமாகவே இயக்கத்துக்குப் போனார்கள். வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் கேட்ட காலத்தில் சிலர் கொண்டுபோகப்பட்டார்கள். அதற்குப் பயந்து பெற்றோர் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்ததும் உண்டு. இடாப்பில் இவர்கள் எல்லோருக்கும் எதிரே ஒரே சொல்தான் எழுதப்பட்டிருக்கிறது: இடைவிலகல்.

அந்த ஆண்டுகளின் இடாப்புகள் இப்போதும் அலுவலக அலுமாரியில் இருக்கின்றன. கறையான் எட்டாதவை கொஞ்சந்தான். அவற்றை ஒளிப்படப் பிரதி எடுக்கும் செலவைச் சிங்கப்பூர்க் கிளை ஏற்பதென்று கடந்த பொதுக்கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறோம். பிரதிகள் வந்து சேர்ந்ததும், 'பா' எழுதப்பட்ட பெயர்களை வகுப்பு வாரியாகப் பிரித்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்புவோம். அந்த வகுப்புகளில் இருந்தவர்கள், யார் எந்த ஊர், எந்த ஆண்டு வரை வந்தார், இப்போது எங்கே என்று தெரிந்ததை எழுதி அனுப்பினால், அடுத்த மலரில் பெயர்ப் பட்டியலைச் சேர்த்துவிடலாம்.