ஜெயிக்காத அந்த சிட்னி நாள்

வீரம் என்றாலே பலருக்குக் கடைசிப் பந்து சிக்ஸர்தான் ஞாபகம் வரும். எனக்கு 2021 ஜனவரி 11, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சிட்னி கிரிக்கெட் டெஸ்ட்டின் ஐந்தாம் நாள், அதாவது கடைசி நாள். இந்தியாவுக்கு 407 ரன் இலக்கு, பந்த்தும் புஜாராவும் அவுட், ஸ்கோர் 5 விக்கெட்டுக்கு 272, இன்னும் 40 ஓவருக்கு மேல் பாக்கி. களத்தில் நின்ற விஹாரிக்குத் தொடைத் தசை போய்விட்டது, ஓடவே முடியாது. அஷ்வினுக்கு முதுகு வலி, காலையில் குனிந்து ஷூ லேஸ் கட்டக்கூட முடியவில்லை என்று அவர் மனைவியே பிறகு எழுதியிருந்தார். அந்த நிலைமையில் நெஞ்சுக்கு வரும் பந்துகளை உடம்பில் வாங்கிக்கொண்டு, பத்துப் பத்துப் பந்தாக ஆடலாம் என்று தமிழில் பேசிக்கொண்டே (ஸ்டம்ப் மைக்கில் கேட்டது) அஷ்வின் 128 பந்தில் 39 ரன், விஹாரி 161 பந்தில் 23. கடைசிவரை இருவரும் அவுட் ஆகவில்லை, தோற்க வேண்டிய மேட்ச் டிரா.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, வாரத்தில் மூன்று நாள் கணவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறார். விடியுமுன் சமையலை முடித்து, கூடையில் ஃபிளாஸ்க், மருந்துச் சீட்டு, ஒரு போர்வை எல்லாம் எடுத்துக்கொண்டு முதல் பஸ். யாரும் கைதட்டுவதில்லை, அவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. இவரும் அதே ஆட்டத்தைத்தான் ஆடுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் ஒன்று: அடுத்த வாரம் பிரிஸ்பேனில் இந்தியா ஜெயித்துத் தொடரையே எடுத்தபோது காயத்தால் அஷ்வின், விஹாரி இரண்டு பேருமே அணியில் இல்லை. சிட்னியில் அவர்கள் நிற்காமல் போயிருந்தால், தொடரை ஜெயிக்கும் பேச்சே அங்கே இருந்திருக்காது.